கடலின் நிலையைக் கேட்பவர் யார்?

நமது காஞ்சிபுரம் ஜில்லாவுக்கு இன்று கடற்கரை கிடையாது. 2019-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் செங்கற்பட்டு தனி ஜில்லாவாகப் பிரிந்தபோது, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் முதலிய துறைகள் யாவும் அதனோடு போய்விட்டன. அப்படியிருக்க, உத்தரமேரூரில் உட்கார்ந்துகொண்டு படகுப் பிரயாணத்தைப் பற்றி நாம் எழுதுவானேன் என்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். கடலோரத்தில் வசிப்பவனுக்குக் கடலைப் பற்றிப் பத்திரிகை ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு முறையோ ஆயுளில் ஒரு முறையோ, தீர்த்த யாத்திரையாகவும் உல்லாசப் பிரயாணமாகவும் போய்ப் படகில் ஏறுகிற உள்நாட்டானுக்குத்தான் அது தெரிய வேண்டும். அவன் நம்முடைய ஊரான்.

2014-ம் வருஷம் ஜனவரி மாதம் 26-ம் தேதி, குடியரசு தினத்தன்று, அந்தமானில் ‘அக்வா மரைன்’ என்னும் உல்லாசப் படகு கவிழ்ந்து 21 பேர் மாண்டார்கள். அப்போது ராஸ் தீவு என்று வழங்கியதும், 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பெயரைத் தாங்கி நிற்பதுமான தீவுக்கும் நார்த் பே என்னும் இடத்துக்கும் நடுவில் அது நிகழ்ந்தது. மாண்டவர்களிற் பெரும்பாலார் தமிழ்நாட்டார். அவர்களிற் பலர் காஞ்சிபுரத்திலிருந்து கூட்டமாகப் புறப்பட்டுச் சென்றவர்கள். பட்டு நெய்யும் ஊரிலிருந்து, ஏரிநீரைத் தவிர வேறு நீரை அதிகம் அறியாத குடும்பங்கள், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மூழ்கிப் போயின.

அந்தப் படகில் 25 பேரை ஏற்றவே அனுமதி. ஏறியிருந்தவர்கள் 40-க்கும் மேற்பட்டவர்கள். அளவுக்கு மிஞ்சிய பாரமே காரணம் என்று அன்று எல்லாரும் பேசினார்கள். அது வாஸ்தவந்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் பாரம் என்ற ஒரே வார்த்தையோடு விசாரணை முடிந்துவிடுகிறது என்பதே நமது குறை. 2011-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று பழவேற்காட்டில் 22 பேர் மூழ்கினபோதும் அப்படித்தான் பேச்சு அடங்கிற்று. 2023-ம் வருஷம் மே மாதம் 7-ம் தேதி கேரளத்துத் தானூரில் 22 பேர் மாண்டபோதும் அப்படியே. ஏன் இத்தனை பேரை ஏற்றினாய் என்று படகுக்காரனைக் கேட்கிறோம். அன்று அந்த நேரத்தில் அந்த நீரில் எத்தனை பேரை ஏற்றியிருக்கலாம், ஒருவரையேனும் ஏற்றியிருக்கலாமா என்று கேட்பார் இல்லை.

நியாயஸ்தலங்களில் பழகினவர்களுக்கு இதன் வேர் எங்கிருக்கிறது என்பது தெரியும். கூலிக்காக ஒருவரை நீர்வழியே ஏற்றிச் செல்பவன், கலத்தின் நிலையோ அதன் பாரமோ உயிருக்கு அபாயம் விளைக்கத்தக்கதாக இருக்க அறிந்தோ அஜாக்கிரதையாலோ ஏற்றிச் சென்றால் குற்றம் என்று 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 282-வது பிரிவு விதித்தது. ஆறு மாதம் சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதீய நியாய ஸம்ஹிதையில் அதுவே 284-வது பிரிவு. அபராதம் 5000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது, மற்றதெல்லாம் பழையபடியே. கலத்தின் நிலையைச் சட்டம் கேட்கிறது. கலத்தின் பாரத்தையும் கேட்கிறது. கடலின் நிலையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இந்தக் குறை சிறியதென்று நினைக்கிறவர்கள் ஆழம் குறைந்த நீரின் இயல்பைச் சற்றே ஆராய வேண்டும்.

ஆழமில்லாத இடத்தில் அபாயமும் இல்லை என்பது ஏரிக்கரை வாசிகளாகிய நம் எல்லாருக்கும் ஊறிப்போன எண்ணம். கணுக்காலளவு, முழங்காலளவு, இடுப்பளவு என்று நீரை அளந்தே நாம் வளர்ந்தோம். ஆனால் அதே ஏரி நமக்கு வேறொன்றையும் காட்டுகிறது. ஐப்பசி கார்த்திகையில் பெரிய ஏரி ததும்பி நிற்கையில் வாடைக்காற்று ஓயாமல் வீசினால், காற்று போய் மோதும் கரையில் நீர் ஏறி நிற்கும்; புறப்பட்ட கரையில் இறங்கி நிற்கும். கலங்கல் அந்தப் பக்கத்தில் அமைந்திருந்தால், ஏரி முற்றும் நிரம்பாதபோதே ஒவ்வொரு வீச்சுக்கும் நீர் வழிந்து விழும். குடியானவர்கள் இதை அறிவார்கள். கரையின் எந்தப் பக்கத்தில் கல் பாவ வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள். ஆழமுள்ள நீரில், காற்று தள்ளிய மேல்நீர் அடிவழியாகத் திரும்பிப் போய்விடும். ஆழமில்லாத நீரில் திரும்ப இடமின்றிக் குவிகிறது. ஆகவே காற்றின் கைக்கு ஆழ்கடலைக் காட்டிலும் ஆழமில்லாத கடலே எளிதில் வசப்படுகிறது.

இந்த ஏரியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கினால் அதுதான் பாக் விரிகுடா. கோடியக்கரையிலிருந்து ராமேசுவரம் வரையில் நமது கரைக்கும் இலங்கையின் வடகரைக்கும் இடையே கிடக்கும் அந்தப் பரப்பின் சராசரி ஆழம் ஏறத்தாழ 9 மீட்டர். மிக ஆழ்ந்த இடத்திலும் 15 மீட்டருக்குள்தான். தெற்கே மன்னார் வளைகுடாவோ ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழ்ந்து செல்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு ஆதாம் பாலம் என்றும் ராமர் பாலம் என்றும் வழங்கும் மணல் தீடைகளின் வரிசை. மேற்கே பாம்பன் கால்வாய் என்னும் குறுகிய வாயில். ஒரு பெரிய ஏரியையும் ஒரு பெருங்கடலையும் நாலைந்து மதகுகள் மட்டும் வைத்து இணைத்தாற்போல் இது இருக்கிறது. மதகில் நீர் எப்படிப் பாயுமென்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ராமேசுவரத்து மீனவர்கள் ஒரே தீவின் இரு பக்கத்துக்கும் வடகடல், தென்கடல் என்று இரு பெயர் இட்டிருக்கிறார்கள். காரணமில்லாமல் இல்லை. தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் ஒருவாறு அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பின் வடகிழக்குப் பருவத்தில் நேர்மாறு. நீரோட்டமும் காற்றைப் பின்பற்றி மாறுகிறது. தென்மேற்குக் காலத்தில் மன்னார் வளைகுடாவிலிருந்து வடக்கே ஏறுகிறது. வடகிழக்குக் காலத்தில் விரிகுடாவிலிருந்து தெற்கே இறங்குகிறது. ‘ராமேசுவரத்தில் கடல் எப்படியிருக்கிறது?’ என்று யாரேனும் கேட்டால், எந்தக் கடல், எந்த மாதம் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. சுற்றுலாக் கம்பெனியின் விளம்பரத் தாளில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

அலையின் விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. ஆழ்ந்த நீரில் நீண்டு தாழ்ந்து உருண்டு வரும் அலை, அடித்தரையின் தடை உறைத்ததும் வேகம் குறைகிறது. பின்னால் வருவது முன்னால் போவதை நெருங்குகிறது. நீளம் சுருங்குகிறது, உயரம் கூடுகிறது, முகம் செங்குத்தாகிறது. தன் உயரத்தைப்போல் சுமார் ஒன்றேகால் மடங்கு ஆழமே உள்ள இடத்தை அடைந்ததும் தலைகுப்புற உடைகிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள அலை மார்பளவு நீருள்ள தீடையின் மேல் உடையும் என்பது இதன் பொருள். நீண்ட அலையின்மேல் சிறு படகு ஏறி இறங்கிவிடும். குறுகிச் செங்குத்தாய் நிற்கும் அலையிலோ முன்பக்கம் ஒன்றில் குத்தும்போதே பின்பக்கத்தை மற்றொன்று தூக்குகிறது. படகோட்டி ஒரு கணம் திகைத்தால் படகு குறுக்காகத் திரும்பி, தன் விலாவை அலைக்குக் கொடுத்துவிடுகிறது.

இதனோடு நீரோட்டம் சேரும்போதுதான் அனுபவமில்லாதவன் அகப்பட்டுக்கொள்கிறான். காற்றும் ஓட்டமும் ஒரே திக்கில் போனால் அலை நீண்டு தாழும். ஓட்டம் காற்றை எதிர்த்து வந்தால் அதே காற்றில், அதே இடத்தில், அலை குறுகி உயரும். நம் பக்கத்துக் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவானதே; ஆயினும் குறுகிய வாயில்களில் அந்தச் சிறு ஏற்றவற்றமே ஓட்டத்தை நாளில் பலமுறை கூட்டவும் குறைக்கவும் திருப்பவும் போதும். காற்று அப்படி மணிக்கணக்கு வைத்துத் திரும்புவதில்லை. காலை ஆறு மணிக்குச் சாதுவாயிருந்த வாயில் பத்து மணிக்குச் சீறுவதற்கு வானத்தில் ஒரு மேகமும் தேவையில்லை. வானம் நிர்மலமாயிருப்பதைப் பார்த்துப் பிரயாணி ஏறுகிறான். மீனவன் நீரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிடுகிறான்.

அந்த மீனவனுக்குக் காற்று என்றால் வெறும் காற்றன்று. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஒவ்வொரு திக்குக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறான். ஓட்டத்துக்கும் அப்படியே, சென்னைக் கரையில் தெற்கிலிருந்து வருவதைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். சென்னை ராஜதானியின் மீன்துறைக்கு அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920-ல் எழுதியபோது, பாக் விரிகுடாவின் வத்தைகளில் குறுக்கே நீட்டிய பலகையைக் குறித்தார். காற்று வலுத்தால் ஆட்கள் அந்தப் பலகையின்மேல் காற்று வரும் பக்கமாக நகர்ந்து பாரம் கொடுப்பார்கள். படகு சாயாமல் ஓடும். பாரமும் காற்றும் ஒன்றையொன்று சரிக்கட்ட வேண்டியவை என்பதைச் சட்டப் புத்தகம் எழுதியவர்களுக்கு முன்பே நம் கடலோரத்தார் பலகை போட்டுக் கண்டிருக்கிறார்கள். உல்லாசப் படகில் நடப்பதோ தலைகீழ். ஓங்கில் மீன் தெரிகிறது என்று ஒருவர் கூவினால் போதும், நாற்பது பேரும் எழுந்து நின்று ஒரே பக்கத்துக்கு ஓடுவார்கள், கையில் போனை நீட்டிக்கொண்டு. நின்றவரால் படகின் பாரம் மேலேறுகிறது. ஓடினவரால் ஒரு பக்கம் தாழ்கிறது. அந்த நேரத்தில் ஒரு செங்குத்தான அலை வந்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

இப்போது பாரத்தின் கதைக்குத் திரும்புவோம். 25 பேர் என்ற எண் எங்கிருந்து வந்தது? படகின் நீளம், அகலம், விளிம்பு நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பவற்றை அளந்து, ஒரு மாதிரியான நீரை மனத்தில் வைத்து ஒரு பொறியாளர் எழுதிய எண் அது. விளிம்பின் உயரமே படகுக்கும் கடலுக்கும் உள்ள எல்லைச் சுவர். ஆட்கள் ஏற ஏறச் சுவர் தாழ்கிறது. அலை எழ எழக் கடல் சுவரை நோக்கி உயர்கிறது. இரண்டு கணக்கையும் சேர்த்தல்லவா பார்க்க வேண்டும்? காற்றின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 40 ஆனால், அது படகின் பக்கத்தில் கொடுக்கும் அழுத்தம் இரண்டு மடங்காவதில்லை, நாலு மடங்காகிறது. அப்படியிருந்தும் தை மாதத்துக் காலைக்கும் ஆடி மாதத்துப் பிற்பகலுக்கும் அனுமதிச் சீட்டில் ஒரே எண்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பாட்டிமார் சொன்னதை அனுமதிச் சீட்டு கேள்விப்பட்டதில்லை.

காற்றைக் கண்டு வாகனத்தை நிறுத்துவது நம் தேசத்தில் நடவாத காரியமா என்றால், அதுவும் இல்லை. அதே பாம்பன் வாயிலின்மேல் 1914-ம் வருஷம் பிப்ரவரி 24-ம் தேதி திறக்கப்பட்ட ரயில் பாலம் நின்றது. 1964-ம் வருஷம் டிசம்பர் 22-ம் தேதி இரவு புயலும் கடலும் சேர்ந்து எழுந்து தனுஷ்கோடியை அழித்ததையும், பாம்பனிலிருந்து சென்ற பாஸஞ்சர் வண்டி நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களோடு அடித்துச் செல்லப்பட்டதையும் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. அந்தப் பழைய பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் வண்டி பாலத்தில் ஏறக்கூடாது, ஸிக்னல் தடுத்துவிடும். டிரைவருக்கு அவசரம், பிரயாணிக்குத் தரிசன வேளை, ஸ்டேஷன் மாஸ்டருக்கு மேலதிகாரியின் கோபம், எதுவும் அங்கே செல்லாது. 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் வண்டி நின்றது; 2025 ஏப்ரல் 6-ம் தேதி பக்கத்தில் புதிய பாலம் திறக்கப்பட்டது. இரும்புத் தண்டவாளத்தின்மேல் பல நூறு டன் எடையுள்ள வண்டி காற்றுக்கு அஞ்சி நிற்கிறது. அதன் கண்ணெதிரே எங்கெங்கோ இருந்து வந்த யாத்ரீகர்களை ஏற்றிய படகு நிற்க வேண்டுமா வேண்டாமா என்பதை ஒரு கருவியும் சொல்லவில்லை.

புயல் கூண்டு ஏற்றுகிறார்களே என்று சொல்லலாம். துறைமுகங்களில் எண்ணிட்டு ஏற்றும் அந்தக் கூண்டு மெத்த உபகாரமானது. ஹைதராபாத்திலிருந்து கடல்நிலையை முன்கூட்டி அறிவிக்கும் மத்திய ஸ்தாபனத்தின் வேலையும் அப்படியே. ஆனால் கூண்டு புயலுக்காக ஏற்படுவது. புயல் நாளில் உல்லாசப் படகு எப்படியும் ஓடாது. சிறு படகைக் கவிழ்க்கப் புயல் வேண்டாம். கூண்டு ஏறாத சாதாரண நாளில், தீவுகளின் இடுக்கில் ஒரு மணி நேரம் வலுக்கும் காற்றே போதும். நூறு மைல் கடலுக்குச் சேர்த்துச் சொல்லும் அறிவிப்பில் அந்த இடுக்கு அகப்படாது. அது துறையிலேயே அளக்கப்பட வேண்டும்.

துறையில் அளந்து நிறுத்துகிற நல்ல வழக்கமும் ஓரிரண்டு இடங்களில் உண்டு. கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் கழகத்தின் படகுகள் கடல் சீறினாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் நிறுத்தப்படுகின்றன. திருவள்ளுவர் சிலை நிற்கும் பாறைக்குப் போக நீர் போதாமல் படகு நின்ற நாட்கள் அநேகம். விவேகானந்தர் பாறைக்கும் அதற்கும் நடுவே 2024 டிசம்பர் இறுதியில் கண்ணாடிப் பாலம் திறந்ததற்கு இதுவே முக்கிய காரணம். ஏமாற்றத்தோடு திரும்பும் யாத்ரீகர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்க உயிரோடு இருக்கிறார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ம் தேதி கப்பல் விட்டார்கள். வெகு விமரிசையாகத் தொடங்கிய சேவை, வடகிழக்குப் பருவம் நெருங்கியதால் ஒரு வாரத்துக்குள் நின்றது. மறுபடி தொடங்கியது 2024 ஆகஸ்டில். அன்று பரிகாசம் செய்தவர்கள் பலர். நிறுத்தியதற்காக அல்ல, பருவத்தின் வாசலில் தொடங்கியதற்காகவே பரிகாசம் தகும் என்பது நமது அபிப்பிராயம். வாடைக்காலம் எப்போது வருமென்பதை நாகப்பட்டினத்துக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். விழாவுக்கு நாள் குறித்தவர்கள் அதைக் கேட்டிருக்கலாம். எனினும், மந்திரிகள் கொடியசைத்த கப்பலையே கடலைப் பார்த்து நிறுத்த முடிந்தது என்பது பெரிய முன்மாதிரி. கொடியசைப்பார் யாருமில்லாத சிறு படகுகளுக்கு அந்தத் தைரியம் ஏன் வரவில்லை?

பணம்தான் காரணம், அதை மறைத்துப் பேசிப் பிரயோஜனமில்லை. படகோட்டுபவன் பெரும்பாலும் படகின் சொந்தக்காரன் அல்லன். ஓடாத நாளுக்கு அவனுக்குக் கூலி இல்லை. சொந்தக்காரனுக்கோ விழாக்காலத்து நாலு நாளும் கோடை விடுமுறை இரண்டு மாதமுமே வருமானம். பிரயாணியும் குற்றமற்றவன் அல்லன். மறுநாள் ரயில், முன்பே கட்டிய பணம், குழந்தைகளின் பிடிவாதம், எல்லாம் அவனைத் துறையில் நின்று சண்டை போடச் செய்கின்றன. காலையில் காற்று எழாத நேரத்தில் தீவுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டால், பிற்பகலில் கடற்காற்று வலுத்தபின் திரும்பி வந்தே ஆக வேண்டும். தீவில் இரவு தங்க அனுமதி இல்லை. கடைசிப் படகு என்று கூவுகிறார்கள். இரண்டு படகுக்கு உரியவர்கள் ஒன்றில் முண்டியடித்து ஏறுகிறார்கள். அந்தமானில் விபத்து நேர்ந்தது பிற்பகலில் என்பதையும், தானூரில் பொழுது சாய்ந்த பின் என்பதையும் கவனிக்க. போகும்போது கடல் எப்படியிருக்கிறது என்பதைக் காட்டிலும் திரும்பும்போது எப்படியிருக்கும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதைக் காலையிலேயே கேட்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு வழக்கு மன்றத்துக்கு வந்தால், எதிர்பாராத அலை, திடீர்க் காற்று, ஈசுவரச் செயல் என்று வாதம் எழுகிறது. நமது தொழிலைச் சேர்ந்தவர்களே அந்த வாதத்தை அழகாகச் செய்கிறார்கள். ஆடியில் கச்சான் வீசுவது எதிர்பாராததா? வாயிலில் ஓட்டம் திரும்புவது எதிர்பாராததா? மீனவர் ஒவ்வொருவரும் எதிர்பார்த்துக் கரையில் தங்கிவிட்ட காற்றைப் படகுச் சொந்தக்காரர் மட்டும் எதிர்பார்க்கவில்லை என்றால், அது ஈசுவரனின் செயல் அன்று. 284-வது பிரிவில் ‘பாரம்’ என்பதற்கு, அன்றைய கடலுக்கு மிஞ்சிய பாரம் என்றே பொருள் கொள்ள வேண்டுமென்று நாம் வாதிப்போம். நியாயாதிபதிகள் ஒப்புக்கொள்ளவும் கூடும். ஆனால் அது பிணங்களை எண்ணிய பின்னர் நடக்கும் வாதம். துறையிலே காலை எட்டு மணிக்கு நிற்கும் குடும்பத்துக்கு அதனால் லாபமில்லை.

ஆகவே துறையில் யாராவது ஒருவர் நிறுத்த வேண்டும். யார்? கூலியில் பங்குள்ளவன் நிறுத்தமாட்டான். தலைநகரத்து உத்தியோகஸ்தருக்குக் கடல் தெரியாது. போலீஸ் ஜவானுக்கு இரண்டும் தெரியாது. இருந்தாலும் அவரைத்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

உத்தரமேரூர்வாசிகளாகிய நமக்கு இவ்விஷயத்தில் ஓர் உரிமையான யோசனை உண்டு. நமது வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய சாஸனங்களைக் குடவோலைக்காக எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். தேர்தல் மேடைகளில் அது தேய்ந்துபோய்விட்டது. அந்தக் கல்வெட்டில் நம்மை அதிகம் கவர்வது வேறொரு விதி. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று நீருக்கும் நிலத்துக்கும் தனித்தனி வாரியம் வகுத்தவர்கள், முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனையும் அவன் நெருங்கிய உறவினரையும் குடத்தில் பெயரிடலாகாது என்று விலக்கினார்கள். அது பிராமணர்களின் சபை. மற்றவர்க்கு அதில் இடமில்லை என்பதை மறந்து நாம் புகழவில்லை. ஆனால் லாபமுள்ளவன் கையில் நீரின் காவலை ஒப்படைக்கலாகாது என்ற அந்த ஞானம் ஜாதிக்கு உரியதன்று.

தீவுக்குப் படகு விடும் ஒவ்வொரு துறைக்கும் ஒரு சிறிய வாரியம் ஏற்படட்டும். அந்தக் கடலில் தொழில் செய்து ஓய்ந்த இரண்டு மூன்று மீனவப் பெரியவர்கள், துறைமுக உத்தியோகஸ்தர் ஒருவர். படகுச் சொந்தக்காரரும் அவர் உறவினரும் கூடாது. துறையின் முகப்பில் காற்றளவுக் கருவி ஒன்று. அது பெரிய செலவன்று. ஒரு விழாப் பந்தலின் செலவில் பத்துக் கருவி வாங்கலாம். இத்தனை வேகத்துக்கு மேல் இந்த ரகப் படகு புறப்படலாகாது, இத்தனை வேகத்தில் பாதி ஆட்களே ஏறலாம் என்று எண்களைப் பலகையில் தமிழில் எழுதிப் பிரயாணிகளின் கண்ணில் படும்படி நாட்ட வேண்டும். காலை ஓட்டத்துக்கு அனுமதி தருமுன் மாலை ஓட்டத்தின் நிலையையும் வாரியம் பார்க்க வேண்டும். சந்தேகமென்றால் காலையிலேயே இல்லை என்று சொல்லிவிட வேண்டும். லைஃப் ஜாக்கெட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் போதாது. ஏறுமுன் மாட்டிய பிறகே படகு அவிழ வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பணத்தைப் பற்றிய ஏற்பாடு. வாரியம் நிறுத்திய நாளுக்குப் பிரயாணிக்குக் கட்டணம் முழுவதும் அங்கேயே திரும்பக் கிடைக்க வேண்டும். படகோட்டிக்கு அரைக் கூலியாவது கிடைக்க வேண்டும். ஓடுகிற நாளின் டிக்கெட்டில் இரண்டு மூன்று ரூபாய் கூட்டி வைத்தால் அந்த நிதி தானே சேரும். நின்றால் பட்டினி என்ற நிலையில் ஒருவனை வைத்துவிட்டு, காற்றைப் பார்த்து நில் என்று உபதேசிப்பது நியாயமாகாது.

இத்தனை கெடுபிடி நடக்குமா என்று சந்தேகிப்பவர்கள் கச்சத்தீவைப் பார்க்கலாம். மாசியில் அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேசுவரத்திலிருந்து நம்மவர் படகேறும்போது, பெயர்ப்பட்டியல் சரிபார்க்கிறார்கள், படகைச் சோதிக்கிறார்கள், லைஃப் ஜாக்கெட் மாட்டச் சொல்கிறார்கள். எல்லை கடக்கும் விஷயமாதலால் அந்தக் கண்டிப்பு. மாசியில் இரு பருவத்துக்கும் நடுவே கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அடங்கிய கடலில் காட்டுகிற கண்டிப்பைச் சீறுகிற கடலில் காட்ட முடியாது என்று எந்த உத்தியோகஸ்தர் சொல்வார்?

பாராளுமன்றத்தில் நமது ஜில்லாவின் பிரதிநிதி எக்கட்சியினராயினும், 284-வது பிரிவில் கலத்தின் நிலை, பாரம் என்ற சொற்களுக்குப் பக்கத்தில் ‘நீரின் நிலை’ என்ற சொற்களைச் சேர்க்க ஒரு தனிநபர் மசோதாவேனும் கொண்டுவர வேண்டுமென்று கோருகிறோம். அதற்குள் வரப்போகும் ஆடி அமாவாசைக்குப் புறப்படும் நேயர்கள் துறையில் டிக்கெட் வாங்குமுன், பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் கிழவரை அணுகி, ஐயா, நீங்கள் இன்று கடலுக்குப் போனீர்களா என்று கேட்கட்டும். போகவில்லை என்று அவர் சொன்னால், ஏன் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டு, கோயிலுக்கு நடந்தே போகட்டும்.